லேமினேட் தரை: அறையை அளப்பதும் பொருள் கணக்கிடுவதும்

லேமினேட் பலகைகளைப் பொருத்துவது அவ்வளவு கடினமான வேலை அல்ல. ஒரு பலகையின் நாக்கை மற்றொன்றின் காடியில் சாய்வாகச் செருகி அமர்த்தினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். புதியவர்கள் தடுமாறுவது அதற்கு முந்தைய கட்டத்தில்தான். கடைசி வரிசைக்கு விரல் அகலத் துண்டு மட்டும் மிஞ்சுவது, தரை போட்டு முடித்த பிறகு கதவு திறக்க மறுப்பது, நான்கு பலகை குறைந்துபோய் அதே நிறத்தைத் தேடி அலைவது ஆகிய எல்லாவற்றையும் அளவெடுக்கும்போதே தவிர்த்துவிடலாம்.

நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் கிடைக்கும் பரப்பளவு, செலவு எவ்வளவு ஆகும் என்பதைத் தோராயமாகச் சொல்லும். பலகைகள் அந்த அறையில் எப்படி உட்காரும் என்பதை அது சொல்லாது. அதற்கு வரிசைக் கணக்குப் போட வேண்டும். வரிசைகளைத் தாளில் வரைந்து பார்க்காமல் பெட்டிகளுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

அளவெடுத்தல்

ஒரு நல்ல இரும்பு டேப், கட்டம் போட்ட தாள், பென்சில், கொஞ்சம் நூல், 2 மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியப் பட்டை ஆகியவை போதும். பழைய ஸ்கர்ட்டிங்கை (சுவரின் அடியில் ஓடும் பட்டையை) கழற்றப் போகிறீர்கள் என்றால் அதைக் கழற்றிய பிறகே அளக்க வேண்டும். அது சுவரிலேயே இருக்கப் போகிறது என்றால் அதன் முகப்பிலிருந்து அளக்க வேண்டும்.

எல்லா அளவுகளையும் மில்லிமீட்டரிலேயே எழுதுங்கள். பலகையும் இடைவெளியும் மில்லிமீட்டரில் வருவதால், அறையை மட்டும் அடியில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கணக்கிலும் மாற்றிக்கொண்டே இருக்க நேரும். அடியில்தான் அளந்து பழக்கம் என்றால் ஒன்றை மறக்கக் கூடாது: 11 அடி 6 அங்குலம் என்பது 11.5 அடி, 11.6 அடி அல்ல. பத்துக்குப் பத்து அறையில்கூட இந்தச் சின்னப் பிழை ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் தள்ளிவிடும். பெட்டியில் சதுர மீட்டர் அச்சிடப்பட்டிருக்கும். 1 சதுர மீட்டர் என்பது 10.76 சதுர அடி.

சுவர்கள் நேராக இருக்கும் என்று நம்பி ஓர் இடத்தில் மட்டும் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். நீளத்தை இரு ஓரங்களிலும் நடுவிலும் அளந்து மூன்று எண்களையும் எழுதுங்கள், அகலத்துக்கும் அப்படியே. அளவு தரை மட்டத்தில் எடுக்கப்பட வேண்டும். இடுப்பு உயரத்தில் எடுத்த அளவு பூச்சின் சாய்வால் மாறிவிடும். மூலையில் டேப்பை மடக்கிப் படிக்கும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் தவறுவது சாதாரணம். அதைத் தவிர்க்க, தரையில் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு சுவரிலிருந்து கோடு வரை ஒரு முறையும் எதிர்ச்சுவரிலிருந்து அதே கோடு வரை இன்னொரு முறையும் அளந்து கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். எதிரெதிர்ச் சுவர்கள் சம நீளமாக இருந்து மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் அறையின் நான்கு மூலைகளும் செங்கோணமாக இருக்கின்றன. 4260 × 3300 அளவுள்ள அறையில் இரண்டும் 5389 மி.மீ. அளவில் வர வேண்டும். ஒன்று நீண்டு மற்றது குறைந்தால் அறை கோணலாக இருக்கிறது. கடைசி வரிசை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் வரும். எந்த மூலை கோணல் என்று கண்டுபிடிக்க, ஒரு சுவரில் 900, அடுத்த சுவரில் 1200 அளந்து குறியிடுங்கள். இரு குறிகளுக்கும் இடையே சரியாக 1500 இருந்தால் அந்த மூலை செங்கோணம்.

பலகை போடத் தொடங்கப் போகும் சுவருக்கு நூல் பிடித்துப் பாருங்கள். மூலைக்கு மூலை இழுத்துக் கட்டிய நூலுக்கும் சுவருக்கும் இடையே எங்கே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் பின்னால் ஸ்கர்ட்டிங் தேர்வுக்கு உதவும்.

எல் வடிவ அறையை இரண்டு செவ்வகங்களாகப் பிரித்துக் கூட்டுங்கள். பிறகு முழுச் செவ்வகத்திலிருந்து இல்லாத மூலையைக் கழித்துச் சரிபாருங்கள். எடுத்துக்காட்டாக, வெளி அளவு 5.10 × 4.20 மீட்டர், இல்லாத மூலை 1.60 × 1.30 மீட்டர் என்று கொள்வோம். கழித்தால் 21.42 − 2.08 = 19.34. பிரித்துக் கூட்டினால் 5.10 × 2.90 உடன் 3.50 × 1.30 சேர்ந்து அதே 19.34 சதுர மீட்டர். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் ஏதோ ஓர் அளவு தவறு. திரும்ப அளக்க வேண்டும். தூண், குழாய், சுவர் அலமாரி, கதவு நிலையின் உள்பகுதி எல்லாம் வரைபடத்தில் இருக்க வேண்டும். சின்னத் தூணின் பரப்பைக் கழிக்காதீர்கள். அதைச் சுற்றி வெட்டும் பலகையின் துண்டு பெரும்பாலும் வேறு எங்கும் பயன்படாது.

இப்போதுள்ள தரையைச் சோதித்தல்

அலுமினியப் பட்டையைத் தரையில் வைத்து அறை முழுவதும் நகர்த்திப் பாருங்கள். 2 மீட்டர் நீளத்தில் 3 மி.மீ.க்கு மேல் பள்ளமோ மேடோ இருந்தால் அதைச் சமன் செய்யாமல் பலகை போடக் கூடாது. பள்ளத்தின் மேல் நிற்கும் பலகை ஒவ்வொரு காலடிக்கும் வளைந்து எழும். அதன் பூட்டு மெல்ல மெல்ல உடையும். பலகைக்கு அடியில் விரிக்கும் ஃபோமை இரண்டு அடுக்காகப் போட்டுப் பள்ளத்தை மறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மெத்தென்ற அடித்தளம் பூட்டை இன்னும் வேகமாக முறிக்கும்.

ஈரத்தையும் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் சதுரப் பாலித்தீன் தாளை கான்கிரீட்டில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஓரிரு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ கான்கிரீட் நிறம் கறுத்திருந்தாலோ தரை இன்னும் உலரவில்லை. துளி எதுவும் இல்லை என்பதை மட்டும் வைத்துப் புதிய கான்கிரீட் உலர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்கு ஈரமானியால் அளந்து பார்ப்பதே நம்பகமானது. லேமினேட் பலகையின் நடுப்பகுதி அழுத்தப்பட்ட மரநார். ஈரம் ஏறினால் ஓரங்கள் உப்பிவிடும், உலர்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. குளியலறைக்கு இது ஏற்றதல்ல.

உயரத்தை மறந்துவிடுபவர்கள் அதிகம். 8 மி.மீ. பலகையும் 2 மி.மீ. ஃபோமும் சேர்ந்தால் தரை 10 மி.மீ. உயரும். கதவின் அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது? கதவு திறக்கும் பாதை முழுவதும் அளந்து பாருங்கள், ஏனெனில் தரை ஓரிடத்தில் மேடாக இருக்கலாம். நிலைச்சட்டத்தின் அடியை அந்த உயரத்துக்கு அறுத்து, பலகையை அதன் கீழே நுழைப்பதுதான் அழகு. சட்டத்தைச் சுற்றி வளைத்து வெட்டிய பலகை எத்தனை கவனமாக வெட்டினாலும் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். மரச்சட்டம் என்றால் இதற்கு ஒரு கைரம்பம் போதும். கல் அல்லது இரும்பு நிலையாக இருந்தால் வளைத்து வெட்டுவதைத் தவிர வழியில்லை.

எந்தத் திசையில் போடுவது

பெரிய சன்னலிலிருந்து வெளிச்சம் வரும் திசையிலேயே பலகையின் நீளமும் இருந்தால் இணைப்புகள் குறைவாகத் தெரியும். ஒடுக்கமான நடையில் நீளவாக்கில்தான் போட வேண்டும். அடியில் மரப்பலகைத் தரை இருந்தால் அதற்குக் குறுக்காகப் போடுங்கள். இவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால், அறையின் நீளமான சுவரையொட்டிப் போடுவதையே நான் தேர்ந்தெடுப்பேன். வரிசைகள் குறைகின்றன, சேதாரமும் குறைகிறது.

இடையில் இணைப்புப் பட்டை இல்லாமல் ஒரே வீச்சில் போடக்கூடிய நீளத்துக்கு வரம்பு உண்டு. பெரும்பாலும் அது 8 முதல் 10 மீட்டருக்குள் இருக்கும். வாங்கும் பலகையின் கையேட்டில் என்ன சொல்லியிருக்கிறதோ அதுவே கடைசி வார்த்தை.

வரிசைக் கணக்கு

லேமினேட் தரை எங்கும் ஒட்டப்படாமல் மிதந்து கிடக்கிறது. காற்றில் ஈரம் கூடினால் விரிகிறது, குறைந்தால் சுருங்குகிறது. அதற்காக எல்லாச் சுவர்களிலும், தூணிலும், குழாயிலும் 8 முதல் 12 மி.மீ. வரை இடைவெளி விட வேண்டும். இங்கே 10 என்று வைத்துக்கொள்வோம்.

அறை 4260 × 3300. பலகை 1285 × 192 மி.மீ., ஒரு பெட்டிக்கு 9 பலகை, அதாவது 2.22 சதுர மீட்டர். பலகைகள் 4260 பக்கமாக ஓடுகின்றன.

முதலில் அகலம். 3300-லிருந்து இரு பக்க இடைவெளியையும் கழித்தால் 3280. அதை 192-ஆல் வகுத்தால் 17 முழு வரிசைகள் போக மிஞ்சுவது 16 மி.மீ. முழுப் பலகையிலேயே தொடங்கினால் கடைசிச் சுவரோரம் 16 மி.மீ. அகலக் கீற்று வேண்டும். அப்படி ஒன்றை வெட்டுவதே கடினம். வெட்டினாலும் பூட்டில் நிற்காது. கடைசி வரிசை 50 மி.மீ.க்குக் குறையக் கூடாது.

தீர்வு எளிது. ஒரு முழு வரிசையின் அகலத்தை அந்த மிச்சத்தோடு கூட்டி இரண்டாகப் பங்கிடுங்கள்: 192 + 16 = 208, பாதி 104. முதல் வரிசையும் கடைசி வரிசையும் 104 மி.மீ., நடுவில் 16 முழு வரிசைகள். கூட்டிப் பார்த்தால் அதே 3280. வரிசைகளின் எண்ணிக்கை இரண்டு வழியிலும் 18 தான், ஏனெனில் 16 மி.மீ. கீற்றும் ஒரு முழு வரிசைப் பலகைகளைத் தின்றுவிடும். கூடுதல் செலவே இல்லாமல் அறை இருபுறமும் சீராகத் தெரியும். அறை கோணலாக இருந்து ஒரு முனையில் அகலம் 12 மி.மீ. குறைந்தாலும் கடைசி வரிசை 104-லிருந்து 92-க்கு ஒடுங்கும், கண்ணுக்கு உறுத்தாது.

அடுத்தது நீளம், சேதாரம் எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது. இரண்டு விதிகளை மனத்தில் வையுங்கள். பக்கத்துப் பக்கத்து வரிசைகளின் குறுக்கு இணைப்புகள் குறைந்தது 300 மி.மீ. விலகி இருக்க வேண்டும். வரிசையின் முதல் துண்டும் கடைசித் துண்டும் 300-க்குக் குறையக் கூடாது. இன்னொன்று: வரிசையின் முடிவில் வெட்டி மிஞ்சும் துண்டு மட்டுமே வேறொரு வரிசையின் தொடக்கத்துக்குப் பொருந்தும். அதன் வலது முனைப் பூட்டு சேதமில்லாமல் இருப்பதே காரணம். இரு முனையும் வெட்டிய துண்டு எதற்கும் உதவாது.

4260-லிருந்து 20 கழித்தால் 4240. முதல் வரிசையில் மூன்று முழுப் பலகைகள் 3855 வரை போகும். கடைசித் துண்டு 385. நான்காவது பலகையில் மிஞ்சுவது 900. இரண்டாம் வரிசை அந்த 900-ல் தொடங்கி, இரண்டு முழுப் பலகைகள், பிறகு 770 துண்டு, மிஞ்சுவது 515. மூன்றாம் வரிசை 515-ல் தொடங்கி, இரண்டு முழுப் பலகைகள், பிறகு 1155. மிஞ்சும் 130 வீண். நான்காம் வரிசை மறுபடியும் முழுப் பலகையில் தொடங்கும். இணைப்புகள் முதல் வரிசையில் 1285-லும் அடுத்ததில் 900-லும் அதற்கடுத்ததில் 515-லும் தொடங்குவதால் விலகல் 385, விதி காப்பாற்றப்படுகிறது. வெட்டும்போது ரம்பம் தின்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டரால் இந்தக் கணக்கு மாறாது.

மூன்று வரிசைக்கு 4 + 3 + 3, ஆக 10 பலகை. 18 வரிசைக்கு 60. ஒன்பதால் வகுத்தால் 6.67, எனவே 7 பெட்டி, அதாவது 63 பலகை. மீதம் மூன்று. கதவு நிலையின் உள்பகுதிக்கு ஒன்று போனாலும், கை தவறி ஒன்று வீணானாலும் தாங்கும்.

எல்லா அறைகளும் இப்படி வாகாக அமைவதில்லை. இடைவெளி போக நீளம் 2600 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முழுப் பலகைக்குப் பிறகு 30 மி.மீ. மட்டும் மிஞ்சும், மீதத் துண்டு 1255. அதை அடுத்த வரிசையில் வைத்தால் இணைப்புகள் 30 மி.மீ. விலகலில் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்துவிடும். இரண்டு விதியும் முறிகின்றன. இப்படிப்பட்ட அறையில் முதல் வரிசையை 900-லும் இரண்டாம் வரிசையை 500-லும் தொடங்குங்கள். முதல் வரிசை 900, 1285, 415 என்று முடிந்து 870 மிஞ்சும். இரண்டாவது 500, 1285, 815 என்று முடிந்து 470 மிஞ்சும். 870-ஐ மூன்றாம் வரிசைக்கும் 470-ஐ நான்காம் வரிசைக்கும் கொடுங்கள். மீதத்தை உடனடி அடுத்த வரிசையில் வைக்காமல் ஒரு வரிசை தள்ளி வைப்பதுதான் சூட்சுமம். ஒவ்வொரு முறையும் 30 மி.மீ. குறைந்துகொண்டே வரும், துண்டு 300-க்குக் கீழே இறங்கும்போது புதிய பலகையை வெட்டித் தொடங்கிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் கட்டத் தாளில் ஒரு கட்டத்துக்கு 100 மி.மீ. என்று வரைந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வரைந்த படம் வேலை நாளில் வெட்டும் பட்டியலாகவும் ஆகிவிடும்.

பெட்டிக் கணக்கைச் சரிபார்த்தல்

இப்போது பரப்பளவு முறையால் ஒரு சரிபார்ப்பு. 4.26 × 3.30 = 14.06 சதுர மீட்டர். நேராகப் போடும் தரைக்கு 7 முதல் 10 சதவீதம் வரை சேதாரம் சேர்ப்பது வழக்கம். 10 சதவீதம் சேர்த்தால் 15.46, 2.22-ஆல் வகுத்தால் 6.96. இதுவும் 7 பெட்டி என்கிறது. இரண்டு முறைகளும் ஒரே எண்ணைச் சொன்னால் நிம்மதியாக வாங்கலாம். ஒரு பெட்டி வித்தியாசம் வந்தால் வரிசைக் கணக்கை நம்புங்கள். மூலைவாக்கில் சாய்த்துப் போடுவதற்கும் மீன்முள் அமைப்புக்கும் 15 சதவீதம் வைக்க வேண்டும். மூலைகளும் வளைவுகளும் நிறைந்த சிறிய அறைக்கும் 10 போதாது.

பெட்டிகள் எல்லாவற்றிலும் தயாரிப்புத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே பெயர், ஒரே எண் கொண்ட பலகைகூட வேறு தொகுதியில் சாயல் மாறி வரக்கூடும். பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் ஒரு பெட்டி கூடுதலாக எடுப்பதில் தயக்கம் வேண்டாம். 8 மி.மீ. தடிமன் பலகை என்றால் இந்த அளவுப் பெட்டி ஒன்று சுமார் 15 கிலோ இருக்கும். ஏழு பெட்டி நூறு கிலோவைத் தாண்டும் என்பதால் வண்டி ஏற்பாட்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

தேய்மானத் தரத்தையும் பாருங்கள். ஏசி3, ஏசி4, ஏசி5 என்று எண் கூடக் கூட மேற்பரப்பு அதிகம் தாங்கும். படுக்கையறைக்கு ஏசி3 போதும். கூடத்துக்கும் நடைக்கும் ஏசி4 நல்லது.

ஃபோம், பாலித்தீன், ஸ்கர்ட்டிங், பட்டைகள்

அடியில் விரிக்கும் ஃபோம் 2 அல்லது 3 மி.மீ. போதும். பலகையின் அடியிலேயே ஃபோம் ஒட்டி வந்திருந்தால் தனியாக வாங்கக் கூடாது. 14.06 சதுர மீட்டருக்கு 10 சதுர மீட்டர் ரோல் இரண்டு வேண்டும். 15 சதுர மீட்டர் ரோல் ஒன்று போதும் என்று தோன்றும். போதும்தான், ஆனால் கடைசி 30 செ.மீ. பட்டையைத் துண்டு சேர்த்து நிரப்ப வேண்டியிருக்கும். ஃபோம் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு தொட்டு நிற்க வேண்டும்.

கான்கிரீட்டின் மேலோ ஓட்டுத் தரையின் மேலோ போடுவதானால் ஃபோமுக்கு அடியில் 0.2 மி.மீ. பாலித்தீன் தாள் வேண்டும். இது 20 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், சுவரோரமும் சற்று மேலே ஏற வேண்டும். அதனால் 2 மீட்டர் அகலத் தாளில் 4.5 மீட்டர் நீளத்துக்கு இரண்டு விரிப்புகள், ஆக 18 சதுர மீட்டர் ஆகும். மரத்தரையின் மேல் பாலித்தீன் விரிக்காதீர்கள். ஈரம் அடியில் தங்கி மரத்தை அரிக்கும்.

ஸ்கர்ட்டிங்குக்குச் சுற்றளவு 15.12 மீட்டர், 900 மி.மீ. கதவைக் கழித்தால் 14.22. 2.4 மீட்டர் துண்டுகள் என்றால் வகுத்தலில் 6 வரும். ஆனால் சுவர் சுவராகப் பாருங்கள். நீளச் சுவர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, கதவில்லாத அகலச் சுவருக்கு இரண்டு, கதவுச் சுவருக்கு ஒன்று, ஆக 7. ஆறில் முடிக்க முயன்றால் சுவரின் நடுவே சின்னத் துண்டுகளை ஒட்ட வேண்டிவரும். தடிமனையும் இப்போதே முடிவு செய்யுங்கள். நூல் பிடித்தபோது சுவர் 5 மி.மீ. உள்வாங்கியிருந்தது என்றால் அங்கே இடைவெளி 15 ஆகிவிடும். அதை மூட 12 மி.மீ. ஸ்கர்ட்டிங் போதாது, 18 மி.மீ. எடுக்க வேண்டும். ஸ்கர்ட்டிங்கைச் சுவரில்தான் அடிக்க வேண்டும். பலகையோடு சேர்த்து அடித்தால் தரை அசைய முடியாமல் எங்காவது கூம்பி எழும்.

கதவடியில் இரண்டு தரைகளும் ஒரே உயரம் என்றால் டி வடிவப் பட்டை; உயரம் வேறுபட்டால் சாய்வுப் பட்டை. அடுத்த அறையின் தரை உயரத்தை அளக்காமல் இதை வாங்க முடியாது. குழாய்க்கான துளை, குழாயின் விட்டத்தைவிட 20 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். அதை மூட வளையம் கிடைக்கும். சுவரோரம் செருக 10 மி.மீ. ஆப்புகள் ஏறத்தாழ 30 வேண்டும். தட்டுக்கட்டை ஒன்றும், கடைசி வரிசையை இழுத்துப் பூட்டும் இரும்புக் கொக்கி ஒன்றும் பட்டியலில் சேருங்கள்.

தரையோடு பொருத்தப்பட்ட கனமான அலமாரிகளை லேமினேட்டின் மேல் நிறுத்தக் கூடாது. அவை முதலில் நிற்க வேண்டும், பலகை அவற்றின் முன்னால் இடைவெளியோடு முடிய வேண்டும். அப்படி அலமாரி வரப்போகிறது என்றால் அதன் பரப்பைக் கழித்துவிட்டு வரிசைக் கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.

பெட்டிகள் வந்த பிறகு

பெட்டிகளைப் பிரிக்காமல், படுக்கவைத்து, தரை போடப் போகும் அறையிலேயே 48 மணி நேரம் வையுங்கள். சுவரில் சாய்த்து நிறுத்தினால் பலகை வளையும். வேலை தொடங்கும் நாளில் மூன்று நான்கு பெட்டிகளை ஒன்றாகத் திறந்து பலகைகளைக் கலந்து எடுங்கள். ஒரே மரவரி வடிவம் பக்கத்தில் பக்கத்தில் வருவதைத் தடுக்க வேறு வழியில்லை. ஒவ்வொரு பலகையையும் பொருத்துமுன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மூலை உடைந்தவற்றை வெட்டுத் துண்டுகளுக்கென்று ஒதுக்குங்கள். முடிவில் மிஞ்சும் முழுப் பலகைகளை, பெட்டியின் தொகுதி எண் ஒட்டிய பக்கத்தோடு சேர்த்துக் கட்டி, உலர்ந்த இடத்தில் படுக்கவைத்து வையுங்கள். பின்னாளில் ஒரு பலகையை மாற்ற நேர்ந்தால் அந்தச் சாயல் வேறெங்கும் கிடைக்காது.